முடி கொட்டும்போது மண்டையும் எரிந்தால்: எந்த வைத்தியம் எதற்கு?

வகிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினால் வலி. கொண்டையை அவிழ்த்தால் வலி. தலையணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் வேரெல்லாம் விண்ணென்று தெறிக்கும். வெளியே சொன்னால், ‘முடிக்கு ஏது வலி?’ என்று கேட்பார்கள். முடிக்கு வலி இல்லைதான். ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி நரம்பு நுனிகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த வலிக்கு மருத்துவத்தில் ட்ரைக்கோடினியா என்று ஒரு பெயரே உண்டு, 1996-ல் வந்த பெயர். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், முடிப் பிரச்சினைக்காக வந்த 403 பேரில் பெண்களில் 20 சதவீதமும் ஆண்களில் 9 சதவீதமும் இந்த வலியைச் சொன்னார்கள். வலியின் அளவுக்கும் முடி கொட்டும் அளவுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த தகவல். அதாவது, அதிகம் வலிப்பதால் அதிகம் கொட்டப்போகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

முடி கொட்டுவதற்கான மருந்தும் மண்டை எரிச்சலுக்கான மருந்தும் ஒன்றல்ல. சில நேரம் முதலாவதே இரண்டாவதற்குக் காரணமாகவும் இருக்கும். பயத்தில் ஒரே வாரத்தில் புது ஷாம்பு, புது எண்ணெய், புது லோஷன் மூன்றையும் ஆரம்பித்துவிட்டால், எது எரிக்கிறது, எது ஆற்றுகிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

பொடுகு ஷாம்பு, ஸ்டீராய்டு லோஷன்

அரிப்போடு செதிலும் பிசுபிசுப்பும் இருந்தால் முதல் சந்தேகம் பொடுகு மீதுதான். மலசீசியா என்ற ஈஸ்ட் நம் எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. சிலருடைய தோல் அதைத் தாங்காமல் சிவந்து உரிகிறது. இதற்குக் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு, அந்த ஈஸ்ட்டையே நேராக அடிக்கிற மருந்து. வாரத்துக்கு 2 முறை, 2 முதல் 4 வாரம். நுரை வந்ததும் அலசிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. 3 முதல் 5 நிமிடம் தலையிலேயே இருக்க வேண்டும். அடங்கிய பிறகு, திரும்ப வராமலிருக்க வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும்.

ஜிங்க் பைரிதியோன் ஷாம்பு இதைவிட மென்மையானது, லேசான பொடுகுக்குப் போதுமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் முதல் அழகுசாதனப் பொருட்களில் அதற்குத் தடை இருப்பதால், அங்கே பிரோக்டோன் ஒலமைன் கலந்ததைத் தேட வேண்டும். செலினியம் சல்ஃபைடு நன்றாக வேலை செய்யும், ஆனால் சாயம் பூசிய முடியின் நிறத்தை மாற்றிவிடலாம். தார் ஷாம்புவின் வாசனையைச் சகித்துக்கொள்பவர்கள் குறைவு. சாலிசிலிக் அமிலம் தடித்த செதிலைப் பெயர்த்தெடுக்கும். ஆனால் சொறிந்து சொறிந்து வெடித்த தோலில் பட்டால் உயிர் போகும்.

ஸ்டீராய்டு லோஷன் இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. ஷாம்பு வாரக்கணக்கில் செய்வதை அது இரண்டு மூன்று நாளில் செய்துவிடும். அரிப்பு அடங்கும் வேகத்தைப் பார்த்தால் மந்திரம் போலத்தான் இருக்கும், சிக்கலும் அங்கேதான். க்ளோபெட்டசால் 0.05% போன்ற வீரியமானதை 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்து தடவக் கூடாது, தோல் மெலிந்துவிடும். ஈஸ்ட்டை அது ஒன்றும் செய்வதில்லை என்பதால் நிறுத்தியதும் பழையபடி கிளம்பும். உண்மையில் இருப்பது படர்தாமரையாக இருந்தால், அதற்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். குழந்தைகளின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதிலாக இருந்தால் இது மிகவும் முக்கியம். அங்கே ஷாம்புவும் தனியாகப் போதாது, வாய்வழி மருந்து வேண்டும்.

என் கட்சி: செதிலும் அரிப்பும் என்றால் ஷாம்புவில் தொடங்குங்கள். மருத்துவர் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் ஸ்டீராய்டை முதல் சில நாள் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி நிறத்தில் தடித்த செதில், நெற்றி எல்லையையும் தாண்டி வருகிறது என்றால் அது சோரியாசிஸாக இருக்கலாம். அப்போது இந்தக் கணக்கு மாறும், அங்கே ஸ்டீராய்டும், வைட்டமின் டி வகை மருந்தான கால்சிபோட்ரியோலும்தான் முன்வரிசை.

மினாக்ஸிடில்: திரவமா, நுரையா, மாத்திரையா?

முடி வளர மினாக்ஸிடில் என்ற மருந்தைத் தடவ ஆரம்பித்த பிறகுதான் மண்டை எரிகிறது என்பவர்கள் நிறையப் பேர். பாதி பேர் அத்தோடு மருந்தையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் எரிப்பது மினாக்ஸிடில் இல்லை, அதைக் கரைத்து வைத்திருக்கும் புரொப்பிலீன் கிளைகால்தான். 5% திரவத்தில் அது 2% திரவத்தைவிட அதிகம், எரிச்சலும் அதற்கேற்ப அதிகம்.

நுரை வடிவத்தில் புரொப்பிலீன் கிளைகால் கிடையாது. சீக்கிரம் காய்ந்துவிடும், பிசுக்கும் இல்லை. திரவம் எரித்தால் என் முதல் யோசனை நுரைக்கு மாறுவதுதான். குறைகள் இரண்டு: ஆல்கஹால் இதிலும் உண்டு, வெடித்த தோலில் சுரீரென்னும். இன்னொன்று, நீண்ட அடர்ந்த கூந்தலில் பாதி முடியிலேயே ஒட்டிக்கொண்டு தோலுக்குப் போய்ச் சேராது. வகிடு வகிடாகப் பிரித்துத் தடவப் பொறுமை வேண்டும். கையில் எடுத்து வைத்திருந்தால் உடம்புச் சூட்டில் உருகியும் விடும்.

நுரையும் எரித்தால் சிலருக்கு மினாக்ஸிடிலே ஒவ்வாமையாக இருக்கலாம், இது அரிது. சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி 2 நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் பரிசோதனையில்தான் இது தெளிவாகும்.

மாத்திரை தோலைத் தொடுவதே இல்லை என்பதால் எரிச்சல் என்ற பேச்சே இருக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. குறைந்த அளவில் கொடுத்தாலும் முகத்தில் கையில் முடி வளரலாம், கணுக்கால் வீங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே போகக் கூடாது. மினாக்ஸிடிலுக்கே ஒவ்வாமை என்று தெரிந்தவர்களும் தானாக மாத்திரைக்குத் தாவக் கூடாது. மண்டை எரிச்சலைத் தவிர்க்க மட்டும் என்றால் முதலில் நுரையை முயன்று பார்ப்பதே சரி.

இதில் வரிசையும் முக்கியம். பொடுகு கொதித்துக்கொண்டிருக்கும் மண்டையில் மினாக்ஸிடிலை ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஷாம்புவால் தோலை ஆற்றிவிட்டு, அப்புறம் தடவுங்கள். ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டுவது மருந்தின் இயல்பு, அதை எரிச்சலின் விளைவு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய், புதினா, ஈரத்துணி

எண்ணெயைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். ஆனாலும் ஒன்று: ஆய்வகத்தில் மலசீசியாவை வளர்க்க வேண்டுமென்றால் ஆலிவ் எண்ணெய் சேர்த்துத்தான் வளர்க்கிறார்கள். கொழுப்பு அதற்குச் சாப்பாடு. எனவே பிசுபிசுத்த பொடுகுத் தலையில் இரவு முழுக்க எண்ணெயை ஊறவைப்பது எதிரிக்குப் பரிமாறுவதுதான். சோரியாசிஸ் செதில், வெறும் வறட்சி என்றால் கதை வேறு. ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசிவிட்டால் செதில் இளகும், நல்ல பலன். அழுத்தித் தேய்ப்பது மட்டும் கூடாது, வலிக்கிற வேர்களை அது இழுக்கும்.

டீ ட்ரீ எண்ணெயைச் சும்மா ஒதுக்க முடியாது. 2002-ல் 126 பேரிடம் நடந்த சோதனையில் 5% டீ ட்ரீ ஷாம்பு 4 வாரத்தில் பொடுகை 41 சதவீதம் குறைத்தது, ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, டீ ட்ரீ இல்லாத ஷாம்பு 11 சதவீதம்தான். ஆனால் அது ஷாம்புவில் கலந்தது. பாட்டிலிலிருந்து நேராகச் சொட்டினால் தோல் வெந்துபோகும். திறந்து நாளான எண்ணெய் ஒவ்வாமையையும் தரும்.

புதினாவிலிருந்து வரும் மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயிலைத் தட்டி, ‘குளிர்கிறது’ என்று மூளைக்குச் சொல்ல வைக்கிறது. தோலில் சூடும் குறைவதில்லை, வீக்கமும் குறைவதில்லை. செதிலோ புண்ணோ இல்லாத வெறும் காந்தலுக்கு அது கொஞ்ச நேரம் இதம். அந்த இதத்தைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் போட்டாலே பெறலாம், ஒவ்வாமைப் பயமும் இல்லை. நான் துணியின் பக்கம்.

ஹேர் டை போட்டு ஒன்றிரண்டு நாளில் எரிச்சல் ஆரம்பித்திருந்தால் இவை எதுவும் உதவாது. டையை நிறுத்துவதுதான் வைத்தியம். மண்டைத் தோல் தடிமன் என்பதால் பல நேரம் தடிப்பு முதலில் கண் இமையிலும் காதிலும் கழுத்திலும்தான் தெரியும்.

ஒன்றுமே தெரியாத வலி

செதில் இல்லை, சிவப்பு இல்லை, வலி மட்டும் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் ஏதாவது இருந்ததா என்று யோசியுங்கள். இருந்தால் இது டெலோஜன் எஃப்ளூவியம், அதாவது உடம்பு பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு முடி மொத்தமாகக் கொட்டுவது. பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக ஓயும், வலியும் கூடவே ஓயும். இங்கே காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான். முடியை இறுக்கிக் கட்டாதீர்கள், பல் அகலமான சீப்பைப் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

கொட்டுமே என்று பயந்து தலைக்குக் குளிக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். குளிக்கும்போது கையோடு வருவது ஏற்கனவே வேரிலிருந்து கழன்ற முடி. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் ஏழு நாள் முடியும் ஒரே நாளில் வரும், நடுவில் அழுக்கும் அரிப்பும் சேரும். மாதக்கணக்கில் வலி விடாதவர்களுக்கு மருத்துவர்கள் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளைத் தருவதுண்டு. தூக்கக் கலக்கம் வரும், ஆதாரமும் சிறிய அளவில்தான். தூக்கத்தையே கெடுக்கிற வலிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கீமோதெரபியில் இருப்பவர்களுக்கு முதல் மருந்துக்குப் பின் 2 முதல் 4 வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும், அதற்கு முன்பே மண்டை நோகும். முடியை முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்கு இந்த இழுவை வலியைக் குறைக்கிறது. மழிப்பதென்றால் மின் கத்தரி போதும், பிளேடு வேண்டாம், சிறு வெட்டு கூடத் தொற்றில் முடியலாம். கீமோ ஏறும்போது போட்டுக்கொள்ளும் குளிரூட்டும் தொப்பி முடியைக் காக்க உதவலாம், ஆனால் அதுவே தலைவலியைக் கொடுக்கும். எல்லா மருந்துக்கும் எடுபடாது, ரத்தப் புற்றுநோய்க்குப் பொருந்தாது.

ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லாதவை

எரிச்சலும் வலியும் இருக்கும் இடத்தில் தோல் வழவழப்பாகி, மயிர்க்கால் துவாரங்களே மறைந்திருந்தால் அது தழும்பு வகை முடி உதிர்வு. போன வேர் திரும்பாது, மீதியைத்தான் காப்பாற்ற முடியும். அதனால் ஷாம்பு பார்த்துக்கொண்டு மாதங்களை ஓட்டாதீர்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்குத் தலை சீவினாலே வலி, மெல்லும்போது தாடையில் வலி, பார்வை மங்கல் என்று வந்தால் அது தலை ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். கண்ணைப் பறிக்கக் கூடியது, அன்றைக்கே மருத்துவமனை. ஒரு பக்கம் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல் எரிந்து பிறகு கொப்புளம் வந்தால் அக்கி. 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன்.

தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிற நாளில் தலையில் எண்ணெயும் லோஷனும் வேண்டாம். செதிலையும் சிவப்பையும் உள்ளபடி அவர் பார்க்கட்டும். தடவிக்கொண்டிருக்கும் எல்லாப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், ஹேர் டை உட்பட.