தோவாளை மாலைக்கு ஒன்று, சர்ச் கல்யாணத்துக்கு ஒன்று: ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், சோனி ஏ7ஆர் 4

மார்த்தாண்டத்தில் 19 வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம்தான் பிழைப்பு. கையில் இருப்பது சோனி ஏ7ஆர் 4, 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார். அடுத்து அதைவிடப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மேட்டுக்குப் போகலாமா என்ற யோசனை ரொம்ப நாளாக இருந்தது. சரி, எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று ஃபுஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ்ஸையும் 80 எம்எம் எஃப் 1.7 லென்ஸையும் நான்கு நாள் வாடகைக்கு எடுத்தேன். இரண்டும் சேர்ந்து 1.7 கிலோ. என் சோனியும் 85 எஃப் 1.8 லென்ஸும் 1 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் விடியற்காலையிலேயே பூ மாலைக்குப் பேர்போன தோவாளை. மாணிக்க மாலை கட்டும் அண்ணாச்சி ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தார். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவில் நொச்சி இலை. பூவை மடித்து மடித்து நாரில் அடுக்கிக் கட்டும்போது, மாலை உருண்டையாக வராமல் பாய் போலத் தட்டையாக, கல் பதித்த மாதிரி வரும். கட்டி முடித்த மாலையைச் சுவரில் தொங்கவிட்டு, ட்ரைபாடில் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) எஃப் 8 வைத்து இரண்டு கேமராவிலும் எடுத்தேன்.

வீட்டில் ஃபுஜி படத்தை மானிட்டரில் பெரிதாக்கினால், சிவப்பு அரளியின் மடிப்பு விளிம்பில் ஓடும் நரம்பு தெரிகிறது. தொங்கிய மாலையின் ஓரத்தைப் பிடித்திருந்த அண்ணாச்சியின் கட்டைவிரல் நகத்தில் நொச்சியின் பச்சைக் கறை படிந்திருப்பதும் தெரிகிறது. சோனியிலும் இதெல்லாம் இருக்கிறது, ஆனால் அங்கே பெரிதாக்குவதற்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. காரணம், இரண்டிலும் பிக்சலின் அளவு ஒன்றுதான், 3.76 மைக்ரான். ‘மீடியம் ஃபார்மேட்டில் பிக்சல் பெரிசு’ என்று கடையில் சொன்னால் இந்த ஜோடிக்கு அது பொருந்தாது. சென்சார் சுமார் 1.7 மடங்கு பெரிது, அதனால் அதே பிக்சல் அதிகமாக இருக்கிறது. சோனி 9504 × 6336, ஃபுஜி 11648 × 8736. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்டில் சோனி 31 × 21 அங்குலம், ஃபுஜி 38 × 29 அங்குலம். அகலத்தை விட உயரத்தில்தான் லாபம் அதிகம். ஃபுஜியின் ஒரு ரா ஃபைல் (கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்பு) சுருக்காமல் வைத்தால் 200 எம்பியைத் தாண்டும், ஹார்ட் டிஸ்க் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசான் யாஷிகா ஃபிலிம் கேமராவில் 120 ரோல் போட்டு 12 படம் எடுப்பார். மீடியம் ஃபார்மேட் என்றதும் என் மனதில் வருவது அந்த நெகட்டிவ்தான். ஆனால் ஃபுஜியின் சென்சார் 43.8 × 32.9 மில்லிமீட்டர். ஆசானின் 56 × 56 மில்லிமீட்டர் நெகட்டிவில் பாதிப் பரப்பு கூட வராது. பின்னணி கரைவதிலும் அப்படித்தான். இந்த 80 எஃப் 1.7, ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 63 எம்எம் எஃப் 1.3 லென்ஸுக்குச் சமம். சோனியில் நல்ல எஃப் 1.2 லென்ஸ் ஒன்று போட்டால் அந்த அழகு இங்கேயே கிடைக்கும்.

மூன்றாம் நாள் கருங்கல் பக்கம் ஒரு சர்ச் கல்யாணம். பூசை நேரத்தில் சத்தம் வரக்கூடாது என்று ஃபுஜியை எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தேன். அதில் சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால், மேலே சுற்றிய மின்விசிறியின் இறக்கைகள் எல்லாம் அரிவாள் மாதிரி வளைந்து விழுந்தன. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஃபுஜியின் ஃபோகஸ் அவருக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தித் தண்டில் நின்றுவிட்டது. அந்த நொடியைச் சோனிதான் பிடித்துக்கொடுத்தது. அப்புறம் வெளியே உச்சி வெயிலில் ஃபிளாஷ் போட்டேன். ஃபுஜியில் ஃபிளாஷ் ஒத்துப்போவது 1/125 நொடி ஷட்டர் வேகம் வரைக்கும்தான், சோனியில் 1/250. வேகம் குறைந்தால் வெயில் கூடுதலாக உள்ளே வரும். வெள்ளைச் சேலை வெளுத்துப்போகாமல் இருக்க ஃபுஜியில் அப்பர்ச்சரை எஃப் 16 வரை மூட வேண்டியிருந்தது. எஃப் 1.7 லென்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு எஃப் 16-ல் எடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

நாங்கள் கொடுக்கும் ஆல்பம் 12 × 36 அங்குலம். அதில் ஒரு தாளில் மூன்று நான்கு படம் வரும். அதற்கு 61 மெகாபிக்சலே தாராளம். அறிமுக விலையில் பாடி மட்டும் ஃபுஜி 6,000 டாலர், சோனி 3,500 டாலர். கல்யாண ஸ்டுடியோ நடத்தும் தம்பிமார் என்னிடம் கேட்டால், அந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். நானும் ஃபுல் ஃபிரேமிலேயே இருக்கப் போகிறேன்.

ஆனால் அந்த மாலைப் படத்தை 38 அங்குலத்துக்குப் பிரிண்ட் போட்டு, போன வாரம் தோவாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. “மக்ளே, இந்த வரியில ஒரு பூவ மாத்தி மடிச்சிருக்கேன் பாரு.” மாலை கையில் இருந்தபோது அவர் கண்ணுக்கே அது படவில்லை. அவருடைய அடுத்த மாலைக்கு அதே ஃபுஜியை மறுபடியும் வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.