காட்மியம் சல்ஃபைடா, கார்பன் நைட்ரைடா?

ஒளியை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க எந்த வினையூக்கியைப் பிடிப்பது? பல நாள் இழுபறிக்குப் பிறகு நான் கார்பன் நைட்ரைடு பக்கம் சாய்ந்துவிட்டேன்.

1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் கையில் எடுத்த டைட்டானியம் டைஆக்சைடு மலிவு, கெட்டி. ஆனால் அதற்கு வேண்டியது புற ஊதா ஒளி. சூரிய ஒளியில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். சரி, அதை விட்டுவிடலாம்.

காட்மியம் சல்ஃபைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை மேலே தாவவைக்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட், கார்பன் நைட்ரைடுக்கு 2.7. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதிகம் விழுங்குவது சல்ஃபைடுதான். முதல் மணி நேரத்து ஹைட்ரஜனை மட்டும் அளந்தால் அதைத்தான் வாங்கத் தோன்றும்.

என்னைத் தடுத்தது அதன் ஆயுள். ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேலே தாவும், கீழே துளை மிஞ்சும். அந்தத் துளை தண்ணீரோடு வினைபுரிய வேண்டும். சல்ஃபைடிலோ அது தன் சொந்தக் கந்தகத்தையே அரிக்கிறது, காட்மியம் அயனி கரைசலில் இறங்குகிறது. அரிப்பைக் குறைக்க சோடியம் சல்ஃபைடும் சோடியம் சல்ஃபைட்டும் கரைத்துத் துளைகளுக்குத் தீனி போட வேண்டும். அது தீரத் தீர ஊற்ற வேண்டும். வடிகட்டிய நீரையும் சும்மா கொட்ட முடியாது. காட்மியம் நச்சு, தனிப் புட்டியில் சேர்த்துவைக்கும் வேலை தனி.

கார்பன் நைட்ரைடு செய்ய மூடிய மூசையில் யூரியாவையோ மெலமினையோ 550 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டால் போதும் (அம்மோனியா வரும், காற்றோட்டம் அவசியம்). யூரியாவில் வருவது பஞ்சு போன்ற வெளிர் மஞ்சள் தூள். மேற்பரப்பு அதிகம், ஆனால் மூசையின் அடியில்தான் கொஞ்சம் மிஞ்சும். மெலமினில் நிறையக் கிடைக்கும், பரப்பு குறைவு. ஹைட்ரஜன் உருவாக உதவும் துணை வினையூக்கியாகப் பிளாட்டினம் ஏற்றியதும், மஞ்சள் நிறம் சாம்பலாக மாறும். ஓட்டி முடித்து, சுழற்றிப் பிரித்து, கழுவி, மறுபடி போடலாம்.

குறை இல்லாமல் இல்லை. எலக்ட்ரானும் துளையும் சீக்கிரம் மறுபடி சேர்ந்துவிடும்; இங்கேயும் துளைகளை வாங்கிக்கொள்ள ட்ரைஎத்தனாலமைன் ஊற்றுகிறோம். ஆக, தண்ணீரை மட்டும் வைத்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடுக்கும் முழுமையான நீர்ப்பிளப்பு அல்ல இது. தாள்களாக உரிப்பது, கந்தகம் கலப்பது, இன்னொரு குறைகடத்தியோடு இணைப்பது எல்லாம் இதைச் சரிசெய்யத்தான்.

முழுமையான நீர்ப்பிளப்பைச் செய்யும் இன்னொரு வினையூக்கியான அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை நான் கையாண்டதில்லை, படித்ததோடு சரி. ஜப்பானிய வேதியியலாளர் டோமெனின் குழு 2020-இல் புற ஊதாவில் 96 சதவீதம் வரை குவாண்டம் திறன் (விழும் ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்படும் பங்கு) காட்டியது, தீனி எதுவும் ஊற்றாமல். 2021-இல் 100 சதுர மீட்டர் பலகைகளில் வெயிலில் சூரிய ஆற்றல் ஹைட்ரஜனாக மாறியதன் உச்சம் 0.76 சதவீதம்.

இரண்டு துணை வினையூக்கிகளைச் சில மணி நேரம் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், காட்மியம் சல்ஃபைடே போதும்.