பைத்தானில் செட்டிங்ஸ்: டிக்டுக்குள் டிக்டா, டேட்டாகிளாஸா?

பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதும்போது செட்டிங்ஸ் பெரும்பாலும் டிக்டுக்குள் (கீயும் அதன் மதிப்புமாக வைக்கும் தொகுப்பு) டிக்டாகத்தான் போய்ச் சேரும். ஜேசான் கோப்பைப் படித்தாலும் டாம்ல் கோப்பைப் படித்தாலும் கைக்கு வருவது அந்த வடிவம்தான். 3.11-லிருந்து டாம்ல் படிக்கும் மாட்யூலும் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. புதிதாக ஒரு செட்டிங் வேண்டுமென்றால் ஒரு கீயைச் சேர்த்தால் போதும்.

இடறும் இடம், நம் டிஃபால்ட் மதிப்புகளோடு பயனர் கொடுத்ததை இணைக்கும்போது வருகிறது. 'டேட்டாபேஸ்' என்ற கீயின் கீழ் ஹோஸ்ட், போர்ட், டைம்அவுட் மூன்றும் இருக்கின்றன. பயனர் தன் கோப்பில் போர்ட்டை மட்டும் 5433 என்று எழுதுகிறார். அப்டேட் மெத்தடை அழைத்தால் உள்ளே இருக்கும் டிக்டே மொத்தமாக மாறி, ஹோஸ்டும் டைம்அவுட்டும் காணாமல் போய்விடும். டிக்டுகளை இணைக்க 3.9-இல் வந்த செங்குத்துக்கோடு ஆபரேட்டரும் இதையேதான் செய்கிறது. பல டிக்டுகளில் வரிசையாகத் தேடும் செயின்மேப்பும் மேல்மட்டக் கீயை மட்டுமே பார்க்கும். உள்ளே இறங்கி இணைக்கும் ஃபங்ஷனை நாமே எழுதியாக வேண்டும்.

அப்புறம் எழுத்துப்பிழை. சதுர அடைப்புக்குறியில் கீயைத் தவறாக எழுதினால் எரர் வந்து புரோகிராம் நிற்கும், நல்லது. கெட் மெத்தடில் டிஃபால்ட்டோடு எழுதினால் பிழை தெரியாமலே ஓடும். டிஃபால்ட்டிக்டை செட்டிங்ஸுக்குத் தொடவே வேண்டாம் என்பேன். சதுர அடைப்புக்குறியில் இல்லாத கீயைப் படித்தாலே அது உருவாகிவிடும்.

'டேட்டாபேஸ்.போர்ட்' என்று புள்ளி வைத்த கீகளோடு ஒரே மட்டத்து டிக்டாக வைப்பவர்களும் உண்டு. அங்கே அப்டேட் சரியாக வேலை செய்யும். ஆனால் டேட்டாபேஸ் பகுதியை மட்டும் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்க, கீகளின் முன்பகுதியைப் பார்த்துப் பொறுக்க வேண்டும். கீயில் சர்வர் பெயர் வந்தால் அதிலுள்ள புள்ளியே குழப்பும்.

என் தேர்வு டேட்டாகிளாஸ், அதாவது ஃபீல்டுகளை எழுதினாலே கன்ஸ்ட்ரக்டர் தானாகக் கிடைக்கும் கிளாஸ். 2018-இல் 3.7-உடன் வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கிளாஸ், ஃபீல்டுகளுக்கு அங்கேயே டிஃபால்ட். கோப்பிலிருந்து வந்த டேட்டாபேஸ் டிக்டை இரண்டு நட்சத்திரக் குறி போட்டுக் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்தால், பயனர் சொல்லாதவை டிஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன இணைப்புத் தொல்லை அப்படியே தீர்ந்துவிடுகிறது. 'போர்ட்' என்பதைப் பயனர் தவறாக எழுதியிருந்தால், அந்தக் கன்ஸ்ட்ரக்டர் வரியிலேயே டைப்எரர் வரும். தொடக்கத்திலேயே கோப்பைப் படித்துவிட்டால், நடுராத்திரியில் ஏதோ ஒரு ஜாப் ஓடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

குறைகளும் உண்டு. டைப் குறிப்பை டேட்டாகிளாஸ் சரிபார்ப்பதில்லை. போர்ட் இன்ட் என்று எழுதியிருந்தாலும் ஸ்ட்ரிங்கை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் டிக்டைத் தானாகக் கிளாஸாக மாற்றவும் மாற்றாது. இரண்டும் வேண்டுமென்றால் பைடான்டிக் என்ற லைப்ரரியைப் போட்டுக்கொள்ளலாம். இல்லாத ஃபீல்டுக்கு மதிப்புக் கொடுத்தால் சத்தமில்லாமல் புது அட்ரிபியூட் உருவாகும் என்பதால் மதிப்பை மாற்றவிடாத ஃப்ரோசன் ஆப்ஷனை ட்ரூ என்று வைப்பது நல்லது. செட்டிங்ஸ் ஓட்டத்தின் நடுவே மாறவும் கூடாதே.

பயனரே பெயர் சூட்டும் பிளகின்கள், சர்வர்கள் மாதிரி கீகள் முன்கூட்டியே தெரியாத இடத்தில் டிக்ட்தான் சரி. அங்கேயும் வெளியே டிக்ட், ஒவ்வொரு கீயின் மதிப்பும் ஒரு டேட்டாகிளாஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.