எட்டரை வருடம், மூன்று கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர்: டிரைவர் போட்டுப் பழகிய கதை

எங்கள் வீடு கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். ஒரு பக்கம் போனால் சித்தூர், மறுபக்கம் வேலந்தாவளம் தாண்டிவிட்டால் கோயம்புத்தூர் மாவட்டம். இங்கே தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தில்தான் பரீட்சை எழுதுகிறார்கள். பொள்ளாச்சிக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் கைடு அவர்களுக்கு உதவாது. அதனால் டியூஷன் எடுக்கும் நான் கேள்வித்தாள், பயிற்சித்தாள் எல்லாவற்றையும் வீட்டிலேயே டைப் செய்து பிரிண்ட் எடுக்கிறேன். அதற்காக 2017 ஜூனில் வாங்கியது இந்தக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். யுஎஸ்பி கேபிள் மட்டும்தான், வைஃபை கிடையாது.

இத்தனை வருடத்தில் பேப்பர் சிக்கி நின்றது குறைவு. டோனர் தீர்ந்து நின்றதும் குறைவு. பெரும்பாலும் நின்றது டிரைவரால்தான். “பிரிண்டர் போச்சு, புதுசு வாங்கிடலாம்” என்று வீட்டில் மூன்று முறை முடிவே எடுத்துவிட்டோம். மூன்று முறையும் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கம்பெனி பெயரை எழுதவில்லை. இந்தத் தொல்லை எந்தக் கம்பெனி பிரிண்டருக்கும் வரக்கூடியது.

டிரைவர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. குறைந்த விலை லேசர் பிரிண்டர் பலவற்றுக்குப் பக்கத்தைத் தானாக அமைக்கத் தெரியாது. எழுத்து எங்கே வரவேண்டும், கோடு எங்கே வரவேண்டும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிரைவர். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற மொழி தெரிந்த பிரிண்டர் என்றால் பொதுவான டிரைவர் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். என்னுடையது போன்றதற்கு அதற்கே உரிய டிரைவர் இருந்தால்தான் உயிர் வரும்.

முதல் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருந்தது. கடைக்காரரே சிடி போட்டு முடித்துக் கொடுத்தார், இரண்டரை வருடம் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது. லாக்டவுன் நேரத்தில் விண்டோஸ் 10 போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். அன்றைக்குத் தொடங்கியது பாடு.

பழைய கம்ப்யூட்டரில் இருந்த இன்ஸ்டால் ஃபைலை பென் டிரைவில் எடுத்து வந்து ஓட்டினேன். “இந்த இயங்குதளத்துக்குப் பொருந்தாது” என்று நின்றது. விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை, டிரைவரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பழையது 32 பிட், புதியது 64 பிட் என்பது எனக்குத் தெரியாது. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபௌட்’ என்று போனால் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் அது எழுதியே இருக்கிறது. விண்டோஸ் 11 என்றால் இந்தக் குழப்பம் இல்லை, அது 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது.

சரியான ஃபைலை கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கினேன். அப்போதும் பிரிண்டர் பெயருக்குக் கீழே ‘டிரைவர் இஸ் அன்அவைலபிள்’ என்றே காட்டியது. நான்கு முறை நீக்கி, நான்கு முறை போட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன்.

“அத்தை, கேபிளை எப்பச் சொருகுனீங்க?”

“மொதல்லயே சொருகிட்டேன் கண்ணு. சொருகாம எப்படி அதுக்குத் தெரியும்?”

“அதான் அத்தை பிரச்சினை. இப்ப உருவிடுங்க. அது கேட்கும்போது மட்டும் சொருகுங்க.”

கேபிளை முதலிலேயே சொருகிவிட்டால், விண்டோஸ் நமக்காகக் காத்திருக்காது. தன்னிடம் இருப்பதை வைத்தோ, அப்டேட்டில் தேடியோ ஏதாவது ஒன்றைப் பொருத்தப் பார்க்கும். அது சரியாக அமையாவிட்டால், பிறகு நாம் நல்ல டிரைவரைப் போட்டாலும் பழைய பிணைப்பு அப்படியே நிற்கும். பிரிண்டரை ‘ரிமூவ் டிவைஸ்’ கொடுத்து நீக்கியதாக நான் நினைத்தேன். நீங்கியது பெயர் மட்டும்தான். டிரைவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. திரும்பக் கேபிள் சொருகியதும் அதே கெட்ட டிரைவரே ஓடி வந்து ஒட்டிக்கொண்டது.

அதை வேரோடு எடுக்கும் இடம் வேறு. ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்திலேயே ‘பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். பெயரைப் பார்த்து ஆபீஸ் விஷயம் என்று நான் தொடவே இல்லை. அதில் ‘டிரைவர்ஸ்’ பகுதிக்குப் போய், நம் பிரிண்டர் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘ரிமூவ்’ கொடுத்தால் இரண்டு கேள்வி கேட்கும்: டிரைவரை மட்டும் நீக்கவா, டிரைவரோடு பேக்கேஜையும் சேர்த்து நீக்கவா என்று. இரண்டாவதுதான் வேண்டும். “பயன்பாட்டில் இருக்கிறது” என்று மறுத்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, வேறெதையும் திறக்காமல் உடனே முயன்றால் பெரும்பாலும் விட்டுவிடும். அப்புறம் கேபிள் இல்லாமல் இன்ஸ்டாலரை ஓட்டி, அது கேட்ட இடத்தில் சொருகினேன். முதல் பக்கம் வெளியே வந்தபோது மணி இரவு பதினொன்று. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த தொல்லை மழையோடு வந்தது. ஐப்பசியில், இங்கே மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள், மத்தியானம் தாண்டினால் இடி மிரட்டும். கரண்டில் இருப்பதை எல்லாம் உருவிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம், பிரிண்டர் கேபிளையும் சேர்த்துத்தான். மழை விட்டதும் இருட்டில் கைக்கு அகப்பட்ட ஓட்டையில் சொருகிவிடுவேன். மறுநாள் பிரிண்ட் கொடுத்தால் ‘ஆஃப்லைன்’. லிஸ்டில் பார்த்தால் ஒரே பிரிண்டர் இரண்டு முறை இருக்கிறது, ஒன்றின் பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று. ஒரு சீசன் முடிவதற்குள் ‘காப்பி 3’ வரை வந்துவிட்டது.

காரணம் எளியது. சில பிரிண்டர்கள் யுஎஸ்பி வழியாகத் தங்கள் சீரியல் நம்பரைச் சொல்வதில்லை. அப்படிப்பட்டதை வேறு ஓட்டையில் சொருகினால், விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்றே எடுத்துக்கொள்கிறது. பழைய பெயர் ‘யுஎஸ்பி001’ என்ற போர்ட்டைப் பார்த்துக் காத்திருக்கும். மெஷினோ ‘யுஎஸ்பி002’-இல் இருக்கும். இதைச் சரிசெய்ய டிரைவரை மறுபடி போடவே வேண்டாம். ‘பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘போர்ட்ஸ்’ பகுதியில் டிக்கை மாற்றினால் போதும். இல்லாவிட்டால் பழைய ஓட்டையிலேயே திரும்பச் சொருகினால் தானாக உயிர் வந்துவிடும். நான் சிபியூவின் பின்பக்கம் ஒரே ஓட்டைக்குச் சிவப்பு டேப் ஒட்டி, கேபிளின் தலையிலும் அதே டேப்பைச் சுற்றிவிட்டேன். அதற்கப்புறம் ‘காப்பி’ வந்ததே இல்லை.

இதோடு ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-லிருந்து, கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தோமோ அதையே முதன்மைப் பிரிண்டராக வைத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு முறை பிடிஎஃப்-ஆகச் சேமித்தால் போதும், அடுத்து கொடுப்பதும் பிடிஎஃப்-க்கே போகும். ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதை அணைத்துவிடுங்கள். வீட்டில் ஒரே பிரிண்டர் இருப்பவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

டிரைவர் சரி, போர்ட் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்பூலர். நாம் கொடுக்கும் பிரிண்டை வரிசையில் வைத்து அனுப்பும் சர்வீஸ் அது. ஒரு ஃபைல் பாதியில் சிக்கினால், அழிக்கச் சொன்னாலும் ‘டிலீட்டிங்’ என்று மணிக்கணக்கில் நிற்கும், பின்னால் வருவதெல்லாம் தேங்கும். ‘சர்வீசஸ்’ திறந்து ‘பிரிண்ட் ஸ்பூலர்’ஐ நிறுத்த வேண்டும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கே கிடக்கும் ஃபைல்களை மட்டும் அழிக்க வேண்டும், ஃபோல்டரை அல்ல. பிறகு ஸ்பூலரை ஸ்டார்ட் செய்தால் தேங்கியது எல்லாம் போய்விடும். பரீட்சைக் காலத்தில் மாதம் ஒரு முறையாவது எனக்கு இது தேவைப்படுகிறது.

என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா, “டீச்சர், எங்க வீட்டுப் பிரிண்டர் ரொம்ப நாளா சும்மாதான் கிடக்கு, வந்து பாருங்க” என்றார். போய்ப் பார்த்தேன். ஸ்பூலர் ‘டிஸேபிள்ட்’ என்றிருந்தது. 2021-இல் இந்த ஸ்பூலரில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, அதைச் சரிசெய்யும் அப்டேட் கைக்கு வரும்வரை ஸ்பூலரை நிறுத்தி வைக்கும்படி அறிவுரை இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், திரும்ப இயக்க மறந்துவிட்டார்கள். அப்டேட் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினேன். நல்ல மெஷின், மூன்று வருடம் துணி போர்த்திக் கிடந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

இதைவிட மனசு நொந்தது இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு அக்கா, டிரைவர் தேடும்போது மேலே விளம்பரமாக வந்த ஒரு பக்கத்துக்குப் போயிருக்கிறார். பிரிண்டர் கம்பெனியின் பக்கம் போலவே இருந்திருக்கிறது. அதிலிருந்த நம்பரில் பேசியவர்கள், ஸ்கிரீனைப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்லி, “டிரைவர் லைசென்ஸ் முடிஞ்சிருச்சு” என்று பணம் கேட்டிருக்கிறார்கள். அவரும் கட்டிவிட்டார். பிரிண்டர் டிரைவருக்குப் பணம் கிடையாது. அதற்கு லைசென்ஸ் முடிவதும் கிடையாது. பிரிண்டரோடு வந்த புத்தகத்திலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் இணையதள முகவரியை எழுத்து எழுத்தாக டைப் செய்து போங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று வரும் எதையும் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், இந்தியா முழுவதற்கும் அந்த ஒரே நம்பர்தான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், இப்போது விண்டோஸ் 11 கம்ப்யூட்டர். இந்த முறை கேபிளை உருவி வைத்துத்தான் தொடங்கினேன். பத்தே நிமிடத்தில் டிரைவர் ஏறிவிட்டது. ஆனால் பிரிண்ட் கொடுத்தால் விளக்கு மட்டும் சிமிட்டுகிறது, பேப்பரை இழுக்கவில்லை. டிரைவர் சரியில்லை என்று நீக்கப் போனவள், கையை எடுத்துவிட்டு ஒன்று செய்து பார்த்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, பிரிண்டரில் உள்ள பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் தன் சோதனைப் பக்கத்தைத் தானே அடிக்கும். பல லேசர் பிரிண்டரில் இது உண்டு. அது வந்தால் மெஷின், டோனர், ரோலர் எல்லாம் நலம், கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கம்ப்யூட்டர் பக்கமோதான் என்று தெரிந்துகொள்ளலாம். எதை நீக்குவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

பக்கம் வந்தது. அப்போது என்னதான் கோளாறு? பேப்பர் அளவு. புது டிரைவர் ‘லெட்டர்’ அளவில் வந்து உட்கார்ந்திருந்தது. லெட்டர் தாள் 216-க்கு 279 மில்லிமீட்டர், நம் ஏ4 தாள் 210-க்கு 297. டிரேயில் ஏ4 இருக்க, லெட்டர் தாள் வைக்கும்வரை அது காத்திருந்தது. ‘பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்’ஸில் ஏ4 மாற்றியதும் ஓடியது.

மிச்சமிருந்தது தமிழ் எழுத்து. பழைய கேள்வித்தாள் பிடிஎஃப் சிலவற்றில் ஒற்றைக்கொம்பு தனியாக, எழுத்து தனியாக, நடுவில் சின்னச் சின்னக் கட்டங்களாக விழுந்தது. திரையில் பார்த்தால் ஒழுங்காகவே இருக்கிறது. எழுத்துருவை டிரைவர் தன் போக்கில் மாற்றிக்கொள்வதால் வருவது இது. அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது ‘அட்வான்ஸ்ட்’ போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்தால், பக்கத்தையே படமாக அனுப்பும். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் ‘கொ’ ‘கொ’வாகவே வரும். பிள்ளைகள் கையில் தப்பான தமிழைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம் கொஞ்சம்தான். பொள்ளாச்சியில் நாத்தனார் வீட்டில், கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். ரௌட்டர் அதற்குப் புது ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண், கொடுப்பதுதான் காரணம். ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கி, கம்ப்யூட்டரில் ‘டிசிபி/ஐபி’ போர்ட்டாகச் சேர்த்தோம். அதோடு நின்றது.

இப்போது புதிதாக வாங்குகிறவர்கள், விண்டோஸ், ஆண்ட்ராய்டு என்றால் பெட்டியில் மோப்ரியா என்றும், ஆப்பிள் சாதனம் என்றால் ஏர்பிரிண்ட் என்றும் இருக்கிறதா பாருங்கள். அவற்றில் தனி டிரைவர் இல்லாமலே வேலை நடக்கும். கம்பெனிகளின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. என்னுடையது போன்ற பழைய யுஎஸ்பி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த இன்ஸ்டால் ஃபைலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அது இரண்டு பென் டிரைவில் இருக்கிறது. ஒன்று மேசை டிராயரில், சிவப்பு டேப் சுருளோடு. இன்னொன்றை அண்ணன் மகனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.