பழுதான மெமரி கார்டுக்கு றாஸ்பெரி பை இமேஜர்: நல்ல கருவி, ஒரு ஓட்டையோடு

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ கரண்ட் சட்டென்று நின்றால், றாஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியின் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோகும். பிறகு சிவப்பு விளக்கு மட்டும் எரியும், பை எழும்பாது. அந்தக் கார்டில் இயங்குதளத்தைத் திரும்ப எழுத, றாஸ்பெரி பை நிறுவனம் 2020 இல் இலவசமாக வெளியிட்ட இமேஜர் என்ற மென்பொருளைத் தாராளமாக நம்பலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் எழுதிவிடாதீர்கள். பச்சை விளக்கு நான்கு தரம் மின்னி நின்று மின்னினால் பையைத் தொடக்கும் ஸ்டார்ட் ஃபைல் இல்லை, ஏழு தரமென்றால் இயங்குதளத்தின் மையமான கேர்னல் இல்லை. இரண்டுமே பையை எழுப்பும் முதல் பகுதியான பூட் பகுதியின் கோளாறு. உங்கள் ஃபைல்கள் இருப்பது இரண்டாவது பகுதியில், அவை பெரும்பாலும் தப்பியிருக்கும். விண்டோஸ் 'ஃபோர்மட் செய்யவா' என்று கேட்பது லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பகுதி அதற்கு விளங்காததால்தான், வேண்டாமென்று அமத்துங்கள். லினக்ஸ் லப்டொப்பில் கார்டைப் போட்டு வேண்டியதைப் பிரதியெடுங்கள். பூட் பகுதியில் கோளாறில்லையென்றால், பிறகு இரண்டாவது பகுதியை அன்மவுன்ட் செய்து (லினக்ஸிலிருந்து கழற்றி), ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால், சில நேரம் திரும்ப எழுதாமலே தப்பலாம்.

இமேஜரின் பலம், எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும் வெரிஃபை. நேரம் மிச்சம் பிடிக்க அதைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் பிழைத்தால் பெரும்பாலும் கார்ட் தேய்ந்துவிட்டது. இடம் மாறி மாறிப் பிழைத்தால் கார்ட் றீடரை மாற்றிப் பாருங்கள். எழுதிய பிறகும் பழைய ஃபைல்களே கிடந்தால் கார்ட் வாசிப்புக்கு மட்டும் பூட்டிக்கொண்டது, எறியத்தான் வேண்டும்.

ஃபோன் டேட்டாவில் இறக்குபவர்கள் ஏறக்குறைய அரை ஜிபி வரும், இயங்குதளத்தின் சிறிய லைட் பதிப்பை ஒருமுறை இறக்கிப் பென்ரைவில் வைத்து, இமேஜரின் 'யூஸ் கஸ்டம்' வழியாக எழுதலாம். அப்போது இறக்கிய ஃபைல் பழுதில்லையென்று காட்டும் எஸ்எச்ஏ256 இலக்கத்தை றாஸ்பெரி பை தளத்திலுள்ளதோடு ஒப்பிடுவது உங்கள் பொறுப்பு.

ஓட்டை இதுதான்: வெரிஃபை பார்ப்பது எழுதிய பகுதியை மட்டுமே. '64 ஜிபி' என்று அச்சிட்ட போலிக் கார்டில் உண்மையில் 8 ஜிபி இருந்தாலும் சோதனை தேறும், பையும் எழும்பும். பை முதல் தரம் எழும்பும்போது இரண்டாவது பகுதி முழுக் கார்டுக்கும் விரியும். நாள் போய் 8 ஜிபியைத் தாண்டியதும் ஃபைல்கள் குப்பையாகும், பழி எழுதிய இயங்குதள ஃபைலில் (இமேஜில்) விழும். மலிவாகக் கிடைத்த புதுக் கார்டை விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவுக்கும் சோதியுங்கள். 64 ஜிபிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், பரவாயில்லை.

கார்ட் பழுதாகும் காரணத்தையும் இமேஜர் தீர்க்காது. பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் அடப்டர் வேண்டும். ஃபோன் சார்ஜரில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அண்டர்வோல்டேஜ் எச்சரிக்கை பையின் லொக்கில் (பதிவு ஃபைலில்) பதியும், முதலில் அதைத் தேடுங்கள். தரவு சேமிக்காத வேலையென்றால் பையின் அமைப்புக் கருவியான றாஸ்பி கொன்ஃபிக்கில், எழுதுவதைக் கார்டுக்குப் பதில் றாமில் வைக்கும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டு, பூட் பகுதியையும் வாசிப்புக்கு மட்டும் ஆக்குங்கள். பிறகு கரண்ட் நின்றாலும் கார்டில் பாதியில் அறுபட எழுத்து இருக்காது.