30 வாட் போதுமா? மாமாவின் கூடத்துக்கு மூன்று ஆம்பிளிஃபயர்கள்

சுங்கை சிப்புட்டில் மாமாவின் தாமான் வீட்டுக் கூடம் 12 அடிக்கு 16 அடி. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் படுத்திருப்பார்கள். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற அவர், சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை இசைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகுதான் நாகஸ்வர இசைத்தட்டு சுழலத் தொடங்கும். ஒலியைத் தணித்து வைத்தாலும் வாசிப்பு மெலிந்துபோகாத பெட்டி வேண்டும். மூன்றையும் அந்த ஒரு கண்ணோடுதான் பார்த்தேன்.

நார்வேயின் ஹேகல் எச்390, ஜப்பானின் யமஹா ஏ-எஸ்3200, அதே நாட்டின் அக்யூஃபேஸ் இ-650. யமஹா புதிது; மற்ற இரண்டும் கைமாறி வருபவை. 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு சேனலுக்கு முறையே 250, 100, 30 வாட்.

“250 இருக்கும்போது 30-ஐ எதற்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும்?” என்றார் மாமா.

நியாயமான சந்தேகம்தான். ஆனால் வாட் எட்டு மடங்கு கூடினால் ஒலி 9 டெசிபல் மட்டுமே உயரும். ஒலி இரு மடங்காகக் காதுக்குப் படவே சுமார் 10 டெசிபல் வேண்டும். மாமாவின் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தருகிறது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். அவர் கேட்கும் அளவில் பெரும்பாலான நேரம் ஒரு வாட்கூடச் செலவாகாது. தவில் திடீரென வெடிக்கும் இடங்களுக்குத்தான் மிச்சம் தேவை; அதற்கு இந்தக் கூடத்தில் 30 தாராளம்.

ஹேகலின் பலம் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிப்பது. அந்தப் பிடியைக் குறிக்கும் எண்ணான டேம்பிங் ஃபேக்டர் 4000-க்கு மேல். தவிலின் தொப்பிப் பக்கத்தில் குச்சி விழுந்த ஓசை கொழகொழவென்று இழுபடாமல் அங்கேயே நிற்கிறது. டிஜிட்டல் இணைப்புகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கைத்தொலைபேசியிலிருந்தும் பாட்டு அனுப்பலாம். ஆனால் இசைத்தட்டுக்கான ஃபோனோ இணைப்பு இல்லை, பாஸ், டிரெபிள் திருகுகளும் இல்லை. மாமாவுக்கு இது பொருந்தாது.

யமஹாவில் டிஜிட்டல் எதுவும் கிடையாது. மாறாக எம்எம், எம்சி இரு வகை ஊசிக்கும் ஃபோனோ உள்ளேயே உண்டு. டர்ன்டேபிளின் கம்பியைச் செருகினால் வேலை முடிந்தது. ஒலி தெளிவானது, சற்று வெளிச்சமானது. முகப்பில் ஒலி அளவு காட்டும் இரண்டு முட்கள் அசைவதை மாமா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எடை 24.7 கிலோ, தூக்க இரண்டு பேர் வேண்டும்.

அக்யூஃபேஸில்தான் என் மனம் தங்கியது. இது கிளாஸ் ஏ. டிரான்சிஸ்டர்கள் ஓய்வதே இல்லை. அலை மேலிருந்து கீழே கடக்கும்போது ஒன்று அணைந்து மற்றது விழிக்கும் தடுமாற்றம் இதில் கிடையாது. மெல்லிய ஒலியில் அந்தத் தடுமாற்றம்தான் முதலில் உறுத்தும். வால்யூம் கட்டுப்பாடும் வேறு விதம்: ‘ஆவா’ என்ற அந்த அமைப்பில், ஒலி செல்லும் பாதையில் தேயும் திருகு மின்தடை இல்லை. எவ்வளவு தணித்தாலும் இடமும் வலமும் பிசகுவதில்லை. குறைந்த ஒலியில் காது தவறவிடும் கீழ்ஸ்வரங்களின் ஒலியைக் கூட்டிக் காட்ட ஒரு பொத்தானும் உண்டு. வால்யூமை அடிமட்டத்தில் வைத்து ஓர் ஆலாபனை கேட்டோம். வித்வான் மூச்சு எடுக்கும் இடைவெளியில், துணைக்குழலான ஒத்தின் சுருதி கடைசி இழைவரை அறையில் நின்றது. மாமா பேசவில்லை.

குறைகள் இருக்கின்றன. மூன்றில் விலை அதிகம் இதற்குத்தான். பாட்டு ஓடாதபோதும் மின்சாரத்தைத் தின்று வெப்பமாகக் கக்கும். அரை மணி நேரத்தில் மேல்மூடியில் கை வைத்தால் சூடு உறைக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய அலமாரிக்குள் வைக்கவே கூடாது. நாற்புறமும் காற்றோட்டம் வேண்டும். கதகதப்புத் தேடி வரும் பல்லிக் குஞ்சுகள் உள்ளே நுழையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோனோவுக்குத் தனி மின்சுற்றுப் பலகை வாங்கிச் செருக வேண்டும்.

இன்னொன்று, எனக்கு வலித்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பழைய ஜப்பானியப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அது ஜப்பானுக்கென்றே செய்த 100 வோல்ட் பெட்டி என்று கடைக்காரர் சொல்லவில்லை. நம் சுவரில் வருவதோ 230. சுவிட்சைப் போட்ட மறுநொடி கருகிய வாடை. அன்றிலிருந்து பின்புறப் பட்டையைப் படிக்காமல் பணத்தை எடுப்பதில்லை.

மாமாவிடம் சொல்லிவிட்டேன்: 230 வோல்ட், ஃபோனோ பலகையுடன் இ-650 கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் யமஹா. எதை வாங்கினாலும் மாலையில் இடி உறுமினால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.