பனியுகத்தைத் தேட: குகைக் கல்லா, ஹோர்டன் சமவெளிச் சேறா?

"சேர், நம்ம மலையில ஐஸே இல்லையே, பனியுகத்தை எங்க போய்த் தேடுறது?" பண்டாரவளையில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். நல்ல கேள்வி. ஜனவரியில் நுவரெலியாத் தேயிலையைக் கருக்கும் உறைபனிக்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கே பனிப்பாளங்கள் பெருத்துக் கிடந்தபோது, கடல் ஏறக்குறைய 120 மீற்றர் இறங்கி, பாக்கு நீரிணை காலால் கடக்கும் தரையாக இருந்தது. இங்கே பருவமழை தளர்ந்தது. நம் மலையில் பனியுகம் என்றால் மழை குறைந்த காலம்தான். ஆகவே, தேட வேண்டியது பழைய மழையை. அதற்கு இரண்டு இடங்கள் உண்டு: மேலே சதுப்பு, கீழே குகை.

சதுப்பு, ஹோர்டன் சமவெளியில் 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்து புல்லை முழுதாக அழுக விடுவதில்லை. அரைகுறையாக மக்கியது கறுத்த முற்றா நிலக்கரியாக அடுக்கடுக்காகச் சேர்கிறது. அதற்குள் மகரந்தமணிகள் கெடாமல் கிடக்கும். பிரேமதிலக்கவும் ரிஸ்பர்க்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய 6 மீற்றர் ஆழப் படிவிலிருந்து 24,000 ஆண்டுகளின் கதையை எடுத்தது. பனியுகத்தின் உச்சத்தில் வறண்ட நிலத்துச் செடிகள், பின்னர் மழை திரும்ப விரிந்த காடு. எந்தச் செடி நின்றது என்று பெயர் சொல்லும் சாட்சி இது. குகைக்குள் சொட்டும் நீரில் வளரும் கல்லால் இதைச் சொல்ல முடியாது.

ஆனால் பனியுகமும், இரண்டு பனியுகங்களுக்கு நடுவே வரும் வெப்பமான பனியிடைக்காலமும் மாறி மாறி வந்த சுற்றைப் பார்க்க 24,000 ஆண்டு போதாது. முந்தைய பனியிடைக்காலம் சுமார் 1,30,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. படிவு அவ்வளவு ஆழத்துக்குப் போனாலும், மக்கிய செடியின் வயதைச் சொல்லும் காபன்-14 கடிகாரம் 50,000 ஆண்டோடு நின்றுவிடும்.

குகைக் கல்லிடம் இருப்பது வேறு கடிகாரம். மழைநீர் மண்ணில் இறங்கும்போது காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயுவை விட்டுவிட, சுண்ணாம்பு மெல்லிய தோலாகப் படிகிறது. இப்படி வளரும் கசிதுளிப் படிவுதான் குகைக் கல். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. அதனால் சுத்தமான படிவில் இன்று காணும் தோரியம்-230 ஏறக்குறைய முழுவதும் அங்கேயே யுரேனியம் சிதைந்து பிறந்தது. அதன் அரைவாழ்வு, அதாவது இருப்பதில் பாதி சிதைய எடுக்கும் காலம், சுமார் 75,600 ஆண்டு. இந்தக் கணக்கு 6,00,000 ஆண்டு வரை எட்டும். எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு: சொட்டு விழுந்த அன்றே கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடுகிறது!

கல்லை நெடுக்காக அறுத்தால் வெங்காயத்தின் அடுக்குகள் போல வரிகள் தெரியும். வரி வரியாகத் துளையிட்டு, அந்தப் பொடியின் ஒட்சிசன் சமதானிகளை (எடை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களை) அளக்கிறார்கள். பருவமழை நாடுகளில் பெருமழை பெய்தால் கனமான ஒட்சிசன்-18 குறையும் என்பதே பொதுவான வாசிப்பு. சீனத்தின் ஹூலு, சன்பாவோ போன்ற குகைகளின் கற்களைக் கோத்து 6,40,000 ஆண்டுப் பருவமழை வரலாறு எழுதப்பட்டது. மேகாலயாவின் மவ்ம்லு குகைக் கல்லை வைத்துத்தான் 2018இல் புவியியல் கால அட்டவணையின் மேகாலயன் காலத்தின் தொடக்கம், 4,200 ஆண்டுகளுக்கு முன் என்று ஏற்கப்பட்டது.

குறைகளும் உண்டு. களிமண் கலந்த படிவில் வெளித் தோரியம் புகுந்து வயதைக் கெடுக்கும். வளர்ச்சி நின்ற இடைவெளி வறட்சியாலும் வரலாம், சொட்டு வழி மாறியதாலும் வரலாம். அதே குகையில் இரண்டாவது கல்லைப் பார்த்தால்தான் தெளியும்.

எங்களுக்குள்ள பெரிய சிக்கல் பாறைதான். மலைநாட்டுக் குகைகளில் பெரும்பாலானவை, சுண்ணக்கல் அல்லாத நைஸ் பாறையின் ஒதுக்கிடங்கள். கசிதுளிப் படிவு வளர, மாத்தளை, திகன பக்கம் ஓடுவது போன்ற சலவைக்கல் பட்டைகள் வேண்டும். தோட்டத்தில் தேயிலைக்கு மூட்டை மூட்டையாகப் போடும் டொலமைட்டும் அந்தப் பாறைதான். மலையின் தெற்கோரத்தில் வாவுல்பனே சுண்ணக்கல் குகை இருக்கிறது.

அப்புறம் ஒரு விடயம்: மலையின் எந்தப் பக்கம்? கச்சான் காற்றில் (தென்மேல் பருவக்காற்றில்) ஹட்டன் நனையும்போது வெலிமடை காய்ந்து கிடக்கும். ஊவாவுக்கு மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்று. ஊவாக் குகைக் கல் சொல்வதையும் ஹோர்டன் சேறு சொல்வதையும் ஒரே மழையாக எண்ணி ஒட்டினால் தவறு.

ஒன்றைத்தான் தேர்வு செய்யலாம் என்றால், பனியுகச் சுற்றுக்கு நான் குகைக் கல்லையே எடுப்பேன். ஆனால் சதுப்பில் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டு மாதிரி எடுக்கலாம், கல் அப்படியில்லை. ஆண்டுக்கு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், ஒரு சாண் வளர 2,000 ஆண்டுக்கு மேல் வேண்டும். அதனால் நிற்பதை அறுக்கும் முன், தரையில் ஏற்கெனவே உடைந்து கிடப்பதை எடுத்துப் பார்க்க வேண்டும்.